ஓடத்துறை: ஒரு பெயர் சொல்லும் வரலாறு

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போது, காவிரிப் பாலத்துக்குச் சற்று முன்னால், சிந்தாமணிப் பக்கம் ஓடத்துறை என்ற இடம் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் போகிறோம். இன்று அங்கே பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓடம் இல்லை. பாலம் வருவதற்கு முன் நம் முன்னோர் அக்கரைக்கு எப்படிப் போனார்கள் என்பதை அந்தப் பெயர் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு. கோடையில் மணலில் இறங்கி நடந்துவிடலாம். ஆறு நிறைந்து ஓடினால் ஓடமோ பரிசலோதான் வழி. பரிசல் என்பது மூங்கிலால் முடைந்து தோல் போர்த்திய வட்டக் கூடை. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது; நீரோட்டத்தில் சுழன்றபடி கிழக்கே இழுபடும். ஆகவே சேரவேண்டிய இடத்துக்கு நேரே இறங்காமல், மேற்கே தள்ளிப்போய்த்தான் ஆற்றில் விடுவார்கள். திருமங்கையாழ்வார் கூலி கேட்டவர்களை ஓடத்தில் ஏற்றிக் கொள்ளிடத்தில் கவிழ்க்கச் செய்தார் என்று ஒரு கதை வழங்கிவருகிறது. ஆற்றைக் கடப்பதில் மக்களுக்கு இருந்த அச்சமும் அந்தக் கதையில் தெரிகிறது.

இந்த அச்சத்துக்கும் கட்டணத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1890இல் கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் பற்றிய சட்டம் வந்தது. ஒரு துறையைப் பொதுத் துறையாக அறிவிக்கவும், கட்டணம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடவும் அது வழிசெய்தது. ஆற்றைக் கடத்திவிடுவது சாலை போடுவதைப் போலவே அரசின் பொறுப்பு என்று ஆனது.

அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், காவிரியின் குறுக்கே 32 கண் பாலம் கட்டப்பட்டிருந்தது. இப்போதுள்ள பாலம் 1976இல் திறக்கப்பட்டது. கொள்ளிடத்தில் இரும்புப் பாலம் 1928இல் வந்தது. பாலங்கள் வர வர ஓடங்கள் மறைந்தன. அதை நாம் குறையாகச் சொல்ல முடியாது.

ஆனால் அண்மைக்காலம் ஒரு பாடம் சொல்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. பக்கத்திலேயே புதிய பாலம் 2016இல் திறக்கப்பட்டிருந்ததால் போக்குவரத்து நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் காவிரிப் பாலம் சீரமைப்புக்காக மூடப்பட்டபோது அந்த வசதி இல்லை. 2023 மார்ச்சில் திறக்கும் வரை ஏறக்குறைய 6 மாதம், பள்ளிப் பிள்ளைகள் முதல் மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் வரை, சென்னைப் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

அப்போது பலரும், "பழையபடி ஓடம் விட்டால் என்ன?" என்றார்கள். கொச்சியில் 2023 ஏப்ரலில் நீர்வழி மெட்ரோ தொடங்கியது. அங்கே காயலில் ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும். நம் காவிரியோ மேட்டூரை நம்பியிருக்கிறது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பதுதான் அணையின் வழக்கமான கணக்கு. பெருவெள்ளம் வந்தால் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ஆழமும் வேகமும் இப்படி மாறும் ஆற்றில் ஆண்டு முழுதும் படகுச் சேவை நடத்துவது கடினம்.

ஓடம் திரும்பி வராவிட்டாலும், அந்தக் காலத்து எச்சரிக்கையை நாம் விட்டுவிடக் கூடாது. ஆற்றைக் கடக்க ஒரே வழியை நம்பியிருக்கக் கூடாது. ஒரு பாலத்தை மூடுமுன், நடந்து போகிறவர்களுக்கும் பேருந்தை நம்பியிருப்பவர்களுக்கும் மாற்று வழி தயாராக இருக்க வேண்டும். நம் சங்கம் வைக்கும் கோரிக்கைகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

பரிசலில் ஆற்றைக் கடந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த நினைவுகளைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம்.