தொட்டிப் பாசியும் குருசடைத் தீவும்

போன பதிவு பஞ்சாலைகளைப் பற்றி. இந்த முறை சம்பந்தமே இல்லாமல் பாசி. குளத்துப் பாசி இல்லை, கடல் பாசி. ராஜபாளையத்துக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடல் நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பனின் அண்ணன் ஒருவர் வீட்டில் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி வைத்திருக்கிறார். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், நாலைந்து பாறை, பாறை மேல் முடி மாதிரி பச்சைப் பாசி. "தம்பி, வாரா வாரம் பிடுங்குறேன், மறு வாரம் அதே இடத்துல நிக்குது. இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்றார். வழி தேடப் போய் கிடைத்தது வரலாறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆச்சரியம். இன்று தொட்டிக்காரர்களுக்கு எதிரியாக இருக்கும் பாசிதான் ஒரு காலத்தில் தொட்டியையே காப்பாற்றியது. 1846-ல் ஆன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து உயிரோடு வைத்திருந்தார். மோட்டார் இல்லாத காலம். வேலைக்காரப் பெண் தினமும் ஜன்னலோரம் நின்று தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஆற்ற வேண்டும், நம்மூர் டீக்கடையில் டீ ஆற்றுகிற மாதிரி. பிறகு கடல் பாசியையும் சேர்த்துப் போட்டால் தண்ணீர் கெடுவது குறைகிறது என்று தெரிந்தது. அதே சமயத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் 1850-ல், செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்று எழுதினார். அவருடைய தொட்டியில் இலைகள் அழுகி வழவழப்பும் பச்சையும் படிய ஆரம்பித்ததும் அவர் செய்த காரியம்தான் முக்கியம்: நத்தைகளை உள்ளே விட்டார். இன்றைக்குக் கடைக்காரர் "க்ளீனிங் டீம் போடுங்க சார்" என்று நத்தையை விற்கிறாரே, அந்த யோசனைக்கு வயது 170-க்கு மேல். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொது மீன் காட்சியகமே திறந்துவிட்டார்கள். நமக்கும் அது ரொம்பத் தாமதமாக வரவில்லை. சென்னை மெரினாவில் 1909-ல் மீன் காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்ப் பயத்தில் 1942-ல் மூடினார்கள்.

சரி, பாசி எப்போது எதிரி ஆனது? விளக்கு பலமானபோது, மீனுக்கு நிறைய தீனி போட ஆரம்பித்தபோது. மீன் தின்னாத தீனியும் அதன் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரிலேயே தங்குகின்றன. வயலுக்கு உரம் போட்டால் களையும் சேர்ந்து வளர்வது போலத்தான் இதுவும். அண்ணன் போர் தண்ணீரில்தான் உப்பு கலக்கிறார். பாறைப் பூமியின் போர் தண்ணீரில் சிலிக்காவும் வரும். புதுத் தொட்டியில் கண்ணாடி மேல் காபிப்பொடி நிறத்தில் படிகிறதே, அது அந்தச் சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டும் டயாட்டம். ஆர்.ஓ. தண்ணீரில், கடல் உப்புக்கென்று விற்கிற கலவையை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கலந்தால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே நின்றுவிடும். (சாப்பாட்டு உப்பு ஆகாது, அதில் கால்சியம் மெக்னீசியம் எல்லாம் கிடையாது.)

மிச்சப் பாதிக்குத் தொட்டிக்காரர்களிடம் நாலு வழி உண்டு. கையால் பிடுங்குவது, குழாய் போட்டு உறிஞ்சுவது, மேய்கிற உயிரை விடுவது, மூன்று நாள் விளக்கை அணைத்து இருட்டடிப்பது. படித்துக்கொண்டே போனபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம், இந்த நாலையும் மனிதர்கள் கடலிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதுதான்.

இருட்டடிப்பிலிருந்து ஆரம்பிப்போம். காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்று ஒரு வெப்பக்கடல் பாசி, பார்க்க இறகு மாதிரி அழகாக இருக்கும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வில்ஹெல்மா மிருகக்காட்சி சாலை தொட்டிகளில் வளர்ந்த ஒரு ரகம் குளிரையும் தாங்கியது. "ஆஹா" என்று மற்ற காட்சியகங்களும் வாங்கிக்கொண்டன. 1984-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் சுவருக்குக் கீழே கடலில் அது முளைத்திருந்தது. சுமார் ஒரு சதுர மீட்டர், ஒரு பாய் விரிக்கிற இடம். நீஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மெய்னேஸ் எச்சரித்தார். எங்களிடமிருந்து வரவில்லை என்று வாதாடிக்கொண்டே வருடங்களைக் கடத்தினார்கள். 2000 வாக்கில் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். துண்டு விழுந்த இடமெல்லாம் புதுச் செடி என்பதுதான் அதன் பலம்.

2000 ஜூனில் அதே ரகம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் டியேகோ பக்கத்துக் காயல் ஒன்றில் தென்பட்டது. யாரோ வீட்டுத் தொட்டியைக் கழுவி ஊற்றியிருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் கணிப்பு. அங்கே வாதாடவில்லை. சில நாட்களிலேயே பாசி மேல் தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தை மணல் மூட்டையால் அழுத்தி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். எழுபது லட்சம் டாலருக்கு மேல் செலவு. 2006-ல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கடலில் பரவிய பாசியை முழுக்க ஒழித்த கதைகள் அபூர்வம், அதில் இது ஒன்று. மொனாக்கோவில் ஒரு சதுர மீட்டராக இருந்தபோது இதைச் செய்திருந்தால் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இனி நம் கடலுக்கு வருவோம். எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி இனம் பிலிப்பைன்ஸ் பக்கத்தது. அதிலிருந்து எடுக்கும் கராகீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கப்படுகிறது. பாவ்நகரில் தலைமையிடம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, தொண்ணூறுகளின் நடுவில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பிறகு பெப்சிகோ ஒப்பந்த சாகுபடியைத் தொடங்கியது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் துண்டுகளைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. ராமநாதபுரம் கடற்கரையில் சுய உதவிக்குழுப் பெண்கள் பலருக்கு இதில் வருமானம் வந்தது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பெப்சி பாசி. 2008-ல் பெப்சிகோ விலகி அந்தத் தொழில் அக்வாகிரி நிறுவனத்துக்குப் போனது, பெயர் மட்டும் போகவில்லை.

அங்கே பாசி புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாம் முங்கி எடுத்து விற்றவர்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, தீவுப் பக்கம் போனாலே அவர்களுக்கு வழக்கு, பறிமுதல் என்று தொல்லை. அந்த நிலையில் மிதவைச் சாகுபடி ஒரு மாற்று வழியாகத் தெரிந்ததில் தப்பே இல்லை.

சிக்கல் குருசடைத் தீவில் வந்தது. பாம்பனுக்குப் பக்கத்தில், உயிரியல் மாணவர்கள் தலைமுறையாகச் சுற்றுலா போய்ப் பார்த்த தீவு. 2005 டிசம்பரில் தமிழக அரசு, அயல்நாட்டுப் பாசியை மன்னார் வளைகுடாவின் பூங்காப் பகுதியில் வளர்க்கக்கூடாது, பாக் நீரிணையின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று ஆணை போட்டது. ஆனால் துண்டுகளுக்கு அரசாணை தெரியாதே. 2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சந்திரசேகரன் குழுவினர், குருசடையின் கிளைப் பவளங்கள் மேல் இந்தப் பாசி போர்வையாக மூடி வெளிச்சத்தை மறைப்பதை கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெளிச்சம் வேண்டும். அது இல்லாவிட்டால் பவளமே சாகும். அதன் பிறகு அக்கம்பக்கத்துத் தீவுகளிலும் பார்த்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2013-14-ல் கடல் சூடேறி மிதவைப் பாசி கொத்துக்கொத்தாக அழுகியது. வளர்த்தவர்களுக்குப் பெரிய அடி, உற்பத்தி அதலபாதாளத்தில். வேண்டுமென்று கயிற்றில் கட்டியது செத்தது, வேண்டாமென்று பவளத்தில் ஒட்டியது போகவில்லை!

குருசடைப் பக்கம் கையாண்டது முதல் வழி, கையால் பிடுங்குவது. வனத்துறை ஆட்களை வைத்துப் பல முறை அகற்றினார்கள், பவள இடுக்கில் மாட்டிய துணுக்கு மறுபடி தழைத்தது. அண்ணன் வாரா வாரம் செய்வதும் இதே வேலைதான், அளவுதான் வேறு. ஹவாய்த் தீவில் 1970-களில் இதே வகைப் பாசிகளைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் படகில் பம்ப் வைத்து பாசியை உறிஞ்சினார்கள், அதற்கு வைத்த பெயர் சூப்பர் சக்கர். உறிஞ்சிய இடத்தில், பொரிப்பகத்தில் வளர்த்த உள்ளூர் கடல் முள்ளெலிகளை 2011 முதல் விட்டார்கள், மிச்சத் துணுக்குகளை மேய்வதற்கு. உறிஞ்சிவிட்டு மேய விடுவது, அவ்வளவுதான். வாரிங்டன் நத்தை ஞாபகம் வருகிறதா?

இதில் என் கருத்து: பாசி வளர்க்கும் பெண்களைக் குற்றம் சொல்வது அநியாயம். பவளத்துக்குப் பக்கத்தில் சோதனைக்கு இடம் தேர்ந்தெடுத்தது அவர்கள் இல்லை. அதே நேரம், "இந்தப் பாசி பரவாது" என்று அடித்துச் சொன்னவர்களை இனிமேல் நம்பவும் முடியாது. 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே எந்த இனம், பவளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும்.

அண்ணனுக்கு நான் சொன்னது: ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், பாறையை வெளியே எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்து வேறு உப்புத்தண்ணீரில் அலசுங்கள், தொட்டிக்குள்ளேயே பிடுங்காதீர்கள். பாறை வேண்டுமென்று தூத்துக்குடிப் பக்கம் யாரிடமும் பவளம் கேட்காதீர்கள், 2001-லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடுங்கிய பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். "சாக்கடையில போட்டா என்ன தம்பி, இங்கருந்து கடலுக்கா போகப்போகுது" என்றார். நம்மூரிலிருந்து போகாதுதான். தூத்துக்குடியில் தொட்டி வைத்திருக்கும் அவருடைய மச்சானுக்கும் இதைப் போன் போட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.