மந்தைக்காரனின் கல்லும் சுமைக்காரியின் கல்லும்

கோயில் கல்வெட்டில் அரசன்தான் முன்னால் நிற்பான். அவன் வென்ற நாடு, விட்ட நிலம், ஏற்றிய விளக்கு என்று வரிகள் நீளும். சண்டையில் மாண்டவர் நினைவாக நட்ட நடுகல்லில் அவனுக்கு ஒரே வேலை, ஆண்டுக் கணக்குச் சொல்வது. மற்றதெல்லாம் ஊர்க்காரன் கதை.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் உள்ள எடத்தனூர்க் கல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டில் நட்டது, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் போராடி மாண்டான். கோவிவன் என்ற அவனது நாய் திருடர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது. வீரன் பக்கத்தில் நாயையும் செதுக்கி, பெயரையும் வெட்டி வைத்தார்கள்.

ஒரு மந்தைக்காக உயிர் விடுவார்களா? வானம் பார்த்த அந்த மேட்டு நிலத்தில் மழை பொய்த்தால் விளைச்சல் போகும். மாடு மிஞ்சினால் குடும்பம் மிஞ்சும். அதனால் கொள்ளையடிக்க வந்தவன் குறிவைத்ததும் தொழுவத்தைத்தான். இந்தச் சண்டை பல்லவர் காலத்துக்கும் மிக முந்தையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நடுகல் ஒன்றும் ஆகோள் பூசலையே, அதாவது மாடு கவரும் சண்டையையே சொல்கிறது. புலியோடு மோதிச் செத்தவர்களுக்கும் கல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் நிற்கிறது.

ஆனால் ஊரில் எல்லாரும் சண்டையிலா செத்தார்கள்? காய்ச்சலில் போனவருக்கும், பஞ்சத்தில் போனவருக்கும் வீரக்கல் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்கு மட்டும் வேறொரு கல் இருந்தது. வழியோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தி, அவள் நினைவாக வீட்டார் வைத்த சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர், இறக்கவும் தூக்கவும் துணைக்கு ஆள் தேடாமல் அதில் சுமையை வைத்து இளைப்பாறலாம். இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்கு அதனால் ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை. விறகும் நெல்லும் தலையிலேயே சந்தைக்குப் போன காலத்தின் வழித்தடங்களையும் இந்தக் கற்களே காட்டுகின்றன.

செங்கம், தருமபுரிப் பக்கம் பல நடுகற்கள் இன்று வேடியப்பன் சாமி. பொங்கல் வைக்க ஆள் இருப்பதால் பிழைத்து நிற்கின்றன. சுமைதாங்கிக்குப் படையல் கிடையாது. பயன் மட்டுமே இருந்தது. மோட்டார் வண்டி வந்ததும் அதுவும் போயிற்று. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்த்து எறியப்படுவது அவள் கல்தான்.

(தொடரும்)