மின்வழி வெப்பநிலை உணரிகள்

மின்வழி உணரி எதுவும் வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. சூடேறும் பொருளின் மின்பண்பு எவ்வளவு மாறியது என்றே சொல்கிறது. இன்று புழங்கும் முக்கிய வகைகளுக்கு அடிப்படையான நிகழ்வுகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தெரியவந்தவை. சூடேறிய உலோகத்தின் மின்தடை கூடுவதை 1821-இல் ஹம்ப்ரி டேவி காட்டினார். அதே ஆண்டு பெர்லினில் தாமஸ் சீபெக் இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. அதைக் காந்த விளைவு என்றே அவர் நம்பினார். மின்னோட்டம் என்று சரியாகப் புரிந்துகொண்டவர் எர்ஸ்டெட். 1833-இல் பாரடே, வெள்ளி சல்பைடின் மின்தடை சூடேற ஏறக் குறைவதைக் கண்டார். ஆனாலும் நம்பத்தக்க கருவிகள் கைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பொருளைச் செய்யத் தெரியாததே தாமதத்துக்குக் காரணம் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு.

வில்லியம் சீமென்ஸ் 1871-இல் பிளாட்டினக் கம்பியைக் களிமண் உருளையில் சுற்றி, இரும்புக் குழாயில் அடைத்த வெப்பமானியை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். பிரிட்டிஷ் அசோசியேஷன் குழு சோதித்தபோது, கடுஞ்சூட்டுக்குப் பின் கம்பியின் மின்தடை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அளக்கும் கருவி போதாமல்தான் அப்படி ஆனது என்று வாதிடலாம். ஆனால் மின்தடையை நுட்பமாக அளக்கும் வீட்ஸ்டன் பாலம் 1843 முதலே புழக்கத்தில் இருந்தது. தடை மாறியதை அந்தக் காலக் கருவிகளே காட்டிக்கொடுத்தன. கோளாறு கம்பியில் இருந்தது: களிமண்ணிலும் இரும்பிலும் இருந்து வந்த மாசு பிளாட்டினத்தில் கலந்திருந்தது. கேம்பிரிட்ஜில் ஹியூ காலண்டர் தூய கம்பியை இழுவிசை படாமல், மாசு தீண்டாமல் பொருத்தினால் அது நிலையாக இருக்கும் என்று 1887-இல் நிறுவினார். இன்றைய அனைத்துலக வெப்பநிலை அளவுகோல் 961.78 பாகை செல்சியஸ் வரை அந்த பிளாட்டினத்தையே நம்புகிறது. தொழிற்சாலைகளில் அதன் பெயர் பிடி-100. பூச்சியம் பாகையில் 100 ஓம், நூறு பாகையில் சுமார் 138.5 ஓம். ஒரு பாகைக்கு 0.4 ஓம்கூட மாறாததால் இணைப்புக் கம்பியின் ஒரு ஓம் கூட இரண்டரை பாகைப் பிழையாகிவிடும். மூன்றாவது கம்பி இழுப்பது அதைக் கழிக்கத்தான்.

சீபெக் கண்ட இரு உலோக இணைப்பைப் பயன்படுத்தும் தெர்மோகப்பிளின் கதையும் இதுவே. இரும்பும் பிளாட்டினமும் சேர்ந்த இணையைச் சோதித்த ரெனோ, முடிவுகள் தாறுமாறாக இருந்ததால் முறையையே ஒதுக்கினார். 1886 அளவில் லெ ஷாதெலியே பிளாட்டினத்தோடு பத்து விழுக்காடு ரோடியக் கலவையை இணைத்ததும் அதே முறை உலைக்குள் நிலைத்தது. பாரடே கண்டதுபோல் சூடேறத் தடை குறையும் தெர்மிஸ்டர் இன்னும் காத்திருந்தது: மாங்கனீசு, நிக்கல் ஆக்சைடுகளைச் சீரான கலவையாகச் சுட்டெடுக்கப் பெல் ஆய்வுக்கூடம் 1940-களில்தான் பழகியது.

மலிவான சிலிக்கான் சில்லு வந்தபின் இந்த வாதம் எதற்கு என்று கேட்கலாம். சிலிக்கானே மிகத் தூய்மையாகச் செய்யப்படும் பொருள். சுமார் 150 பாகையைத் தாண்டினால் அதுவும் தடுமாறும், உலைக்குள் நுழைய முடியாது. அங்கே தெர்மோகப்பிள்தான் வேண்டும். ஆனால் அது தருவதோ இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே. கே வகையில் பாகைக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட். மறுமுனையை முன்பு பனிக்கட்டி நீரில் வைத்தார்கள். இப்போது மீட்டரின் முனையத்தருகே ஒரு தெர்மிஸ்டரோ சில்லோ ஒட்டியிருக்கிறது, அறைச்சூட்டை அதுதான் சொல்கிறது.