தண்ணீர் மோட்டாரில் பிறக்கும் வெற்றிடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலோ திருவள்ளூரிலோ சிறு பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் பிசின் கலவையிலுள்ள காற்றுக் குமிழிகளை நீக்க விரும்புகிறார் என்று கொள்வோம். எண்ணெயில் இயங்கும் வாக்குவம் பம்பு விலை மிகுந்தது. ஈர ஆவி புகுந்தால் எண்ணெயும் கெடும். அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரும் ஓர் எஜெக்டரும் போதும் என்றால் அவர் நம்புவாரா? இந்த யோசனைக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்!

காற்றின் எடை 76 செ.மீ. பாதரசத்தை அல்லது சுமார் 10 மீட்டர் நீரைத் தாங்கும் என்பதை டாரிசெல்லியின் 1643ஆம் ஆண்டுச் சோதனையால் அறிந்தோம். 1865இல் லண்டனில் ஸ்ப்ரெங்கெல், குழாயில் விழும் பாதரசத் துளிகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வெளியேற்றினார். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் புன்சனுக்கு வேறு கவலை. வீழ்படிவுகளை வடிகட்டிக் கழுவுவதற்குள் பொழுது போய்விடும். 1868இல் அவர் பாதரசத்துக்குப் பதில் நீரையே விழச் செய்தார். அதற்கு 10 மீட்டருக்கும் நீண்ட ஈயக் குழாய் கீழிறங்க வேண்டியிருந்தது. மாடிக் கட்டிடம் இல்லாதவர் என்ன செய்வார்?

விடை குறுகிய மூக்கில் இருந்தது. மூக்கு வழியே நீர் விரைந்து பாயும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. நீர்த்தாரை அருகிலுள்ள காற்றையும் இழுத்துச் செல்கிறது. 1858இல் ஜிஃபார்டு நீராவித் தாரையால் கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தியிருந்தார். சென்னை–கூடூர் தடத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், வாக்குவம் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கியதும் எஜெக்டரே. ஆழக் கிணற்றில் இறக்கும் ‘ஜெட்’டும் இதன் உறவுதான்.

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இதைக் குழாயில் மாட்டித் திறந்துவிடுவார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600 லிட்டர் சாக்கடைக்குப் போகும். பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் 2019 கோடையில் வற்றிக் கிடந்ததைப் பார்த்த மாவட்டத்தில் இது தகுமா? ஆகவே 100 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து, மோட்டார் அனுப்பும் நீர் எஜெக்டர் வழியே தொட்டிக்கே திரும்பச் செய்யலாம். நீரை 20 மீட்டராவது ஏற்றவல்ல மோட்டார் வேண்டும். நீர் விழும் இடமும் மோட்டார் உறிஞ்சும் இடமும் தள்ளியிருக்கட்டும். குமிழி புகுந்தால் மோட்டார் திணறும்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. நீர் தன் ஆவி அழுத்தத்துக்குக் கீழே வெற்றிடம் தராது. 15 டிகிரி செல்சியஸில் அது 13 மி.மீ. பாதரசம், 30 டிகிரியில் 32, 40 டிகிரியில் 55. சுழலும் நீரோ, மோட்டாரின் உழைப்பை வாங்கி மணிக்கு ஏறத்தாழ 3 டிகிரி சூடேறும்! சித்திரை வெயிலில் நண்பகலைவிட அதிகாலையில் வெற்றிடம் நன்றாக அமைவது இதனால்தான். தொட்டியை நிழலில் வையுங்கள். சூடான நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுநீர் நிரப்புங்கள். வடிகட்டவும் குமிழி நீக்கவும் இது போதும். எக்ஸ்ரே குழாய்க்குப் போதாது.

தடித்த கண்ணாடிக் கலத்தையே பயன்படுத்துங்கள். மெல்லிய தட்டையடிக் குடுவை உள்நோக்கி நொறுங்கும். இடையில் ஒரு காலிப் புட்டி இருக்கட்டும். மோட்டாரை நிறுத்துமுன் காற்றை உள்ளே விடுங்கள். மறந்தால் தொட்டி நீர் பின்னோக்கி ஏறி அந்தப் புட்டியில்தான் வந்து நிற்கும்.