சீனி தாங்கிய உலோகச் சேர்வைகள்: உயிர்ப்படலத் தடுப்பில் ஒரு வடிவமைப்பு வாதம்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில் சீனி வருத்தக்காரரின் ஆறாத காற்புண்ணும், நாட்கணக்கில் போட்டுவைத்த சிறுநீர்க் குழாயும் வைத்தியர்களுக்குப் பழகிப்போன தொல்லைகள். இரண்டிலும் பற்றீரியாக்கள் மேற்பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழ்கின்றன. அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றைக் கொல்லச் சில வேளைகளில் 1000 மடங்குவரை கூடுதலான நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படலாம். ஆகவே படலம் உருவான பிறகு போரிடுவதைவிட, ஒட்டும் கட்டத்திலேயே தடுப்பதுதான் அறிவுடைமை.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பற்றீரியா இதற்கு நல்ல இலக்கு. அதன் முதலாவது லெக்டினை, அதாவது சீனியைப் பற்றும் புரதத்தை, இஸ்ரேலிய ஆய்வாளர் நெகாமா கில்போவா-கார்பர் 1972இல் தூய்மைப்படுத்தினார். இன்று லெக்-ஏ எனப்படும் அந்தப் புரதம் கலக்டோசைப் பற்றும். அதன் துணையான லெக்-பி பியூக்கோசைப் பற்றும். இரண்டிலும் பிடியின் மையத்தில் இருப்பது கல்சியம். சீனியின் மூடப்படாத ஐதரொட்சில் தொகுதிகள் நேரே கல்சியத்துடன் பிணைகின்றன. படலம் கட்டுவதற்கு உதவும் இந்தப் பிடியைப் போலிச் சீனியால் முன்கூட்டியே நிரப்பிவிடலாம்.

உலோகத்தைச் சீனியோடு இணைப்பது புதிதன்று. மூட்டுவாதத்துக்கு 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரானோபின், கந்தகம் வழியாகக் குளுக்கோசைத் தாங்கிய தங்கச் சேர்வை. ஆனால் அதையே முன்மாதிரியாகக் கொள்வது தவறு. அதன் ஐதரொட்சில்கள் அசற்றைல் தொகுதிகளால் மூடப்பட்டுள்ளன. லெக்டின் அவற்றை அடையாளம் காணாது. உடலுக்குள் சென்றதும் சீனி கழன்று தங்கம் புரதங்களின் கந்தகத்தைப் பற்றுகிறது. அங்கே சீனி வெறும் போர்வை. நமக்கு வேண்டியதோ இறுதிவரை கழலாத சீனி.

எனவே உலோகத்தைக் கொல்லும் முகவராக அன்றி, சட்டகமாகக் கருத வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஒற்றைக் கலக்டோசின் பிடி தளர்ந்தது. லெக்-ஏ நான்கு அலகுகளைக் கொண்டது. அருகருகே உள்ள இரு பிணைப்பிடங்களுக்கிடையே ஏறத்தாழ 2.6 நனோமீற்றர். அந்தத் தூரத்தை எட்டும் கைகளோடு பல சீனிகளைத் தாங்கும் சேர்வை இரண்டையும் ஒருங்கே பிடிக்கும். மூன்று பைபிரிடின் இணையிகளைக் கொண்ட ருத்தேனியம் உறுதியான எண்முகி. இணையி ஒவ்வொன்றிலும் இரு சீனிகளைப் பொருத்தினால் ஆறு கிடைக்கும். அது ஒளிர்வதால், குழாயின் பரப்பில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதையும் அளக்கலாம். சீனியைப் பொருத்தும் இணைப்பு ஒட்சிசனால் அன்றிக் கந்தகத்தால் அமைய வேண்டும். சீனியை அறுக்கும் நொதியங்களுக்கு அது எளிதில் இடங்கொடாது.

பற்றீரியாவைக் கொல்லும் வெள்ளி மலிவானது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்பர். உண்மைதான். ஆயினும் சிறுநீரிலும் புண்நீரிலும் நிறைந்துள்ள குளோரைட்டு, வெள்ளி அயனைக் கரையாத வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படியச் செய்கிறது. கொல்லும் உலோகம் எதிர்ப்பாற்றலையும் தேர்ந்தெடுக்கும். பிடியை மட்டும் மறிக்கும் சேர்வையில் அந்த அழுத்தம் குறைவாக இருக்கும் என எதிர்பார்க்கலாம்.

கலக்டோசு தாங்கிய சேர்வையை ஊசியால் ஏற்றுவதற்கு நான் உடன்படேன். ஈரற் கலங்களின் ஏற்பிகள் கலக்டோசை இழுத்துக்கொள்ளும். உலோகம் ஈரலில் தேங்கும். இதன் இடம் குழாயின் பரப்பும் புண்கட்டுந் துணியும்தான். அத்துடன், சிறுநீர்க் குழாயில் ஈ. கோலையும் அடிக்கடி குடியேறும். அதன் பிம்-எச் புரதம் மனோசைப் பற்றுவதால், கலக்டோசுக்கு அருகே மனோசும் வேண்டும்.

மூலப்பொருள் எட்டாத் தொலைவில் இல்லை. பாலின் லக்டோசில் பாதி கலக்டோசு. பழுப்புக் கடற்பாசிகளின் பியூக்கோய்டன் பியூக்கோசைத் தருகிறது. சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் இத்தகைய தொகுப்புக்குத் தகுந்த இடம். ஆனால் சோதனையைத் தூய ஊடகத்தில் மட்டும் நடத்தினால் பயனில்லை. கல்சியமும் குளோரைட்டும் குளுக்கோசும் கலந்த சிறுநீரில், குழாய்த் துண்டின் மீது, நோயாளருக்குக் குழாய் இருக்கும் நாள்கள் முழுவதும் அது நடைபெற வேண்டும்.