டால்ட்டனின் புனலும் புட்டியும்

துல்லியமான கருவி இல்லாதவர் வானிலையை அளந்து பயனில்லை என்பார்கள். இங்கிலாந்து நெசவாளி ஒருவரின் மகனான ஜான் டால்ட்டனின் உழைப்பு அதை மறுக்கிறது. 1787இல் வானிலைக் குறிப்பேட்டைத் தொடங்கிய அவர், காற்றழுத்தமானியையும் வெப்பமானியையும் தாமே செய்துகொண்டார். 1793இல் வெளியிட்ட நூலில் மழைமானிக்கு அவர் சொன்ன வழி இன்னும் எளிது: வர்ணம் பூசிய தகரப் புனல், அதற்கு இரண்டு மூன்று அங்குலச் செங்குத்து விளிம்பு, கீழே ஒரு புட்டி. சேர்ந்த நீரின் கன அளவைப் புனல் வாயின் பரப்பால் வகுத்தால் மழையளவு கிடைத்துவிடும். புட்டி எந்த வடிவில் இருந்தாலும் கணக்கு மாறாது.

அவருடைய கருவிகள் கரடுமுரடானவை என்ற குறை நியாயமானதே. ஆனால் ஒரே கருவியில் மாறாமல் நிற்கும் பிழை, இந்த ஆண்டையும் போன ஆண்டையும் ஒப்பிடுவதைக் கெடுக்காது. இடையில் அளக்காமல் விட்ட நாள்கள்தான் கெடுக்கும். டால்ட்டன் 1844இல் இறக்கும்வரை 57 ஆண்டுகள் அளந்தார். காற்றின் ஈரத்தைப் பற்றி அவருக்கு எழுந்த கேள்விகளே பகுதி அழுத்த விதிக்கும், பின்னர் அணுக்கொள்கைக்கும் வழி திறந்தன.