கேட்க வெட்கப்படாத பெண்கள்

இஸ்லாம் பாட வகுப்பில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களைப் பற்றி நாம் மனனம் செய்தவை மூன்று: அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள், நபி (ஸல்) அவர்களின் துணைவியார், 2210 ஹதீஸ்களை அறிவித்தவர். பரீட்சைக்கு அது போதும். வைத்தியராகி, கண்டியில் பெண்களுக்கான கிளினிக்கில் அமர்ந்த பிறகுதான் அந்த 2210க்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தோம்.

632இல் நபியவர்கள் மறைந்த பின், 678இல் தாம் வபாத்தாகும் வரை ஏறத்தாழ 46 ஆண்டுகள் அன்னையார் மதீனாவில் ஆசிரியராக விளங்கினார். நபித்தோழர்களே சந்தேகம் கேட்டு வந்தார்கள். தவறாக விளங்கியவர்களை அவர் தயங்காமல் திருத்தினார். மருத்துவம் எப்படித் தெரியும் என்று சகோதரி மகன் உர்வா கேட்டபோது, நபியவர்கள் நோயுற்றிருந்த நாட்களில் வந்தவர்கள் சொன்ன சிகிச்சைகளிலிருந்து கற்றதாகச் சொன்னார் என அறிவிப்பு உண்டு.

எம் மனதில் தைத்தது வேறோர் அறிவிப்பு. பாத்திமா பின்த் அபீஹுபைஷ் என்ற பெண் நபியவர்களிடம் வந்து, "இரத்தப்போக்கு நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடவா?" என்று கேட்டார். வேண்டாம், அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று பதில் கிடைத்தது. அன்னையார் இதை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தார். மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டவும் செய்தார். அவரிடம் கற்ற அம்ரா என்ற பெண்ணின் ஹதீஸ்களை எழுதிவைக்கும்படி பின்னாளில் கலீபா உமர் பின் அப்துல் அஸீஸ் கட்டளையிட்டார்.

அந்தத் தொடர் எமது ஊரையும் தொட்டது. 1838இல் கண்டியில் பிறந்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கும் இங்கே பாடசாலை திறந்தார். எதிர்ப்பு நிறைந்த காலம் அது.

ஆனாலும் இன்றும் எமது கிளினிக்குக்கு, மாதக்கணக்காக இரத்தம் போய் உடம்பு வெளிறிய பிறகே தாய்மார் வருகிறார்கள். எல்லாச் சமூகத்தவரும்தான். ஏன் முன்பே வரவில்லை என்றால், "வெட்கமா இருந்திச்சு டொக்டர்" என்பார்கள். சிலருக்கு அந்தத் தாமதம் உயிரையே விலையாகக் கேட்டிருக்கிறது.

அன்புச் சகோதரிகளே, எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் மகளுக்கும் பேத்திக்கும் 2210 என்ற எண்ணோடு அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் சொல்லிக்கொடுங்கள்.